கூப்பிடு தூரத்தில் டேட்டாபேஸ், கூப்பிட்டால்தான் பதில் இல்லை

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பைத்தானில் பில் போடுகிற ஒரு சின்ன புரோகிராம் பற்றி எழுதியபோது, "டேட்டாபேஸ் உங்கள் கணினியிலேயே இருந்தால் இணைப்பது சுலபம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. நியாயம்தான், சுலபம் என்று சொன்னவன்தானே பதில் சொல்ல வேண்டும். கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழிலேயே எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். மைசீக்வெல், பைத்தான் இரண்டும் ஒரே லேப்டாப்பில். திடீரென்று ஒருநாள் 2003 என்ற எரர். நண்பர் ஒருவர் ஸாம்ப் போடச் சொன்னார், போட்டேன். 2003 போய் 1045 வந்தது. பாஸ்வேர்ட் சரியானதுதான், சத்தியமாக. பாஸ்வேர்டை எடுத்துவிட்டு வெறுமனே கொடுத்தால் 1049. ஒரே மெஷினுக்குள் இருப்பதை இணைக்க எதற்கு இத்தனை பாடு?

ஒரே மெஷின்தான், ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் இல்லை. டேட்டாபேஸை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மைசீக்வெல் சர்வர் தனியாக ஓடுகிற ஒரு புரோகிராம், உங்கள் பைத்தான் இன்னொரு புரோகிராம். சுவரேறிக் குதித்து ஒன்று இன்னொன்றுக்குள் போக முடியாது, வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். அந்த வாசலுக்குப் பெயர் போர்ட். மைசீக்வெல்லுக்கு வழக்கமாக 3306, அதேபோன்ற இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 5432. லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதுகிறோமே, அது "இதே மெஷின்தான்" என்று சொல்லும் பெயர், அதற்கான எண் 127.0.0.1. நெட் வயரைப் பிடுங்கி வைஃபையையும் அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்போதும் இணையும். எதுவும் வெளியே போகவில்லை.

இப்போது உங்கள் மூன்று எண்களுக்கு வருகிறேன். 2003 என்றால் வாசல் வரை போனேன், அங்கே ஆளே இல்லை என்று அர்த்தம். அந்த வரியின் கடைசியில் விண்டோஸ் என்றால் 10061, லினக்ஸ் என்றால் 111 என்று இன்னொரு எண்ணும் இருக்கும், அதுவும் அதையேதான் சொல்கிறது. இந்த இடத்தில் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. ஆனாலும் நம் ஆட்கள் 2003 வந்ததும் முதலில் போய் மாற்றுவது பாஸ்வேர்டைத்தான். 1045 என்றால் ஆள் இருக்கிறார், உங்களை உள்ளே விட மாட்டேன் என்கிறார். அந்த வரியின் வாலில் "யூசிங் பாஸ்வேர்ட்" என்று போட்டு யெஸ் அல்லது நோ என்று இருக்கும், அதைப் பாருங்கள். நோ என்று இருந்தால் நீங்கள் கொடுத்ததாக நினைக்கும் பாஸ்வேர்ட் அங்கே போய்ச் சேரவே இல்லை. 1049 என்றால் உள்ளே விட்டாயிற்று, நீங்கள் கேட்ட பெயரில் டேட்டாபேஸ் எதுவும் இங்கே கிடையாது.

ஆக உங்கள் கதை இதுதான். முதல்நாள் உங்கள் மைசீக்வெல் சர்வீஸ் ஏதோ காரணத்தால் கிளம்பவில்லை, அதனால் 2003. அதைக் கிளப்புவதற்குப் பதில் ஸாம்ப் போட்டீர்கள். ஸாம்ப் என்பது வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் சேர்த்துக் கட்டிய ஒரு பொதி. அதற்குள் அதற்கென்று தனியாக ஒரு டேட்டாபேஸ் சர்வர் இருக்கிறது, இன்றைய ஸாம்ப்பில் அது மரியாடிபி. காலியாகக் கிடந்த 3306-இல் அது போய் உட்கார்ந்துகொண்டது. அதில் ரூட்டுக்கு, அதாவது எல்லா உரிமையும் உள்ள தலைமைப் பயனருக்கு, பாஸ்வேர்டே கிடையாது, அதனால் உங்கள் சரியான பாஸ்வேர்ட் அங்கே தப்பான பாஸ்வேர்ட். எடுத்துவிட்டுப் போனால் உள்ளே விட்டது, ஆனால் உங்கள் டேட்டாபேஸ் அங்கே எப்படி இருக்கும்? அது இருப்பது பழைய வீட்டில். கவலைப்படாதீர்கள், பத்திரமாகத்தான் இருக்கிறது.

ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் மைசீக்வெல்லை ஸ்டாப் செய்யுங்கள். விண்டோஸ் சர்வீசஸ் ஜன்னலைத் திறந்து மைசீக்வெல்80 என்று இருப்பதை (பதிப்பைப் பொறுத்து எண் மாறும்) ஸ்டார்ட் செய்து, அதன் தொடக்க வகையை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். தானாகக் கிளம்பாமல் போனதற்கு இந்த அமைப்பும் காரணமாக இருக்கலாம். ஸாம்ப்பும் வேண்டும் என்றால் அதை 3307-க்கு மாற்றிவிட்டு, பைத்தானின் கனெக்ட் வரியில் ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் என்ற நான்கோடு போர்ட்டையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். யாரிடம் பேசுகிறோம் என்று சந்தேகம் வந்தால் இணைந்தவுடன் "செலக்ட் வெர்ஷன்" என்று கேளுங்கள், மரியாடிபி என்றால் பதிலிலேயே தன் பெயரைச் சொல்லிவிடும். சொல்லப்போனால் இரண்டும் அக்கா தங்கைதான்: மைசீக்வெல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மாண்டி விடேனியஸின் மூத்த மகள் பெயர் மை, இளையவள் மரியா. ஒரே வாசலுக்குச் சண்டை வருவதில் ஆச்சரியம் இல்லை.

மதுரையிலிருந்து பிளஸ் டூ மாணவர், சிபிஎஸ்இ: அண்ணா, புராஜெக்ட்டுக்கு மைசீக்வெல் கனெக்டரை பிப் மூலம் போட்டேன், சக்சஸ் என்று வந்தது. ஆனால் இம்போர்ட் செய்தால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை, "மைசீக்வெல் இஸ் நாட் எ பேக்கேஜ்" என்கிறது. இன்னும் நாலு நாளில் சமர்ப்பிக்க வேண்டும்.

தம்பி, உன் ஃபைலின் பெயரைப் பார். மைசீக்வெல் டாட் பை என்றுதானே வைத்திருக்கிறாய்? எரரின் பின்பாதியிலேயே அது தெரிகிறது. இம்போர்ட் என்றதும் பைத்தான் முதலில் தேடுவது உன் புரோகிராம் இருக்கும் அதே ஃபோல்டரில். அங்கே அந்தப் பெயரில் உன் ஃபைலே நிற்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு "இது பேக்கேஜ் இல்லையே" என்று கேட்கிறது. ஸ்கூல்புராஜெக்ட் என்றோ வேறு எப்படியோ பெயரை மாற்று, முடிந்தது.

மாற்றியும் வரவில்லை என்றால் உன் மெஷினில் இரண்டு பைத்தான் இருக்கிறது, பேக்கேஜ்களைக் கொண்டுவந்து போடும் பிப் ஒன்றில் போட்டிருக்கிறது, நீ ஓட்டுவது இன்னொன்றை. அதற்கு பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல், எந்தப் பைத்தானில் ஓட்டுகிறாயோ அதன் வாயாலேயே சொல்: பைத்தான், ஹைஃபன் எம், பிப், இன்ஸ்டால். பேக்கேஜின் முழுப்பெயர் மைசீக்வெல்-கனெக்டர்-பைத்தான். கடைசி "பைத்தான்" இல்லாமல் மைசீக்வெல்-கனெக்டர் என்று இன்னொன்றும் கிடைக்கும், அது பழசு, பராமரிப்பு இல்லாதது, மைசீக்வெல் 8-இன் பாஸ்வேர்ட் முறையில் தகராறு செய்யும். அதைப் போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடு. நாலு நாள் தாராளம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: உபுண்டு பாவிக்கிறேன். டெர்மினலில் சூடோ மைசீக்வெல் என்று அடித்தால் பாஸ்வேர்ட் கூடக் கேட்காமல் உள்ளே விடுகிறது. பைத்தானில் அதே ரூட்டைக் கொடுத்தால் 1698, அனுமதி மறுப்பு. நான் என்ன பிழை விடுகிறேன்?

பிழை எதுவும் இல்லை. உபுண்டுவில் மைசீக்வெல்லின் ரூட்டுக்கு பாஸ்வேர்ட் வைத்து அனுமதிக்கும் வழியே போட்டிருக்க மாட்டார்கள். வந்து நிற்பது லினக்ஸின் ரூட் பயனர்தானா என்று மட்டும் பார்க்கும், ஆத் சாக்கெட் என்று அதற்குப் பெயர். சூடோ போட்டால் நீங்கள் ரூட், அதனால் முகத்தைப் பார்த்தே உள்ளே விடுகிறது. பைத்தானை ஓட்டுவது உங்கள் சாதாரணப் பயனர், எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் செல்லாது.

இதற்கு இணையத்தில் இரண்டு தீர்வு சொல்வார்கள். ஒன்று, பைத்தானையே சூடோ போட்டு ஓட்டு என்பது. செய்யாதீர்கள். இன்னொன்று ரூட்டின் அனுமதி முறையைப் பாஸ்வேர்டுக்கு மாற்று என்பது. அதுவும் வேண்டாம் என்பேன், பூட்டியிருக்கும் ஒரே நல்ல பூட்டை நாமே ஏன் உடைக்க வேண்டும். சூடோ வழியாக உள்ளே போய், கிரியேட் யூசர் கட்டளையால் உங்கள் புரோகிராமுக்கென்று ஒரு பயனரை உருவாக்குங்கள், கிராண்ட் கட்டளையால் அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். மூன்று நிமிட வேலை. நாளைக்குப் புரோகிராமில் ஏதாவது கோளாறு வந்தாலும் சேதம் அந்த ஒரு டேட்டாபேஸோடு நிற்கும்.

நீங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்ட இன்னொன்று: லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-ம் ஒன்றா? அகராதியில் ஒன்று, லினக்ஸில் மைசீக்வெல்லுக்கு இரண்டும் வேறு. மைசீக்வெல்லின் சொந்த சி நூலகத்தை வைத்து இயங்கும் கருவிகள், பைத்தானின் மைசீக்வெல்கிளையண்ட் உட்பட, லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னால் 3306 பக்கமே போகாது. சாக்கெட் ஃபைல் என்று ஒரு கொல்லைப்புற வழி இருக்கிறது, அதன் வழியாகப் போகும். அந்த ஃபைல் இல்லையென்றால் வருவது 2003 அல்ல, 2002. வாசல் வழியாகவே போ என்று கட்டாயப்படுத்த 127.0.0.1 என்று எண்ணிலேயே கொடுக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்திருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: மஞ்சள் மண்டி வரவுக் கணக்கு. பைத்தானில் வரிசைகளைச் சேர்க்கிறேன், உடனே செலக்ட் போட்டால் தெரிகிறது. புரோகிராமை மூடித் திறந்தால் எல்லாம் மாயம். வைரஸா?

வைரஸ் இல்லை, கமிட். சேர்த்ததை நிரந்தரமாக்கு என்று டேட்டாபேஸிடம் சொல்வதுதான் கமிட். பைத்தானின் டேட்டாபேஸ் இணைப்புகளுக்கு எல்லாம் பொதுவான ஒரு விதிமுறை இருக்கிறது, அதன்படி தானாகக் கமிட் ஆவது முதலில் அணைத்தே இருக்கும். நீங்கள் சேர்த்ததெல்லாம் பென்சிலில் எழுதியதுதான். உங்கள் இணைப்புக்கு மட்டும் அது தெரியும், இணைப்பை மூடினால் அழிந்துவிடும். சேர்த்து முடித்ததும் கனெக்ஷனின் கமிட்டை ஒருமுறை அழையுங்கள். கட்டளைகளை ஓட்டும் கர்சரின் கமிட் அல்ல, அப்படி ஒன்று கிடையாது.

வரிசை எண்ணைத் தானாக ஏறும்படி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு வேடிக்கை பாருங்கள். நேற்று 37 வரிசை போட்டுக் காணாமல் போயிருந்தால், சர்வரை நிறுத்தாமல் இருந்த பட்சத்தில், இன்றைக்கு முதல் வரிசைக்கு 38 என்று எண் விழும். வரிசைகள் போய்விட்டன, கிழித்த டோக்கன்கள் திரும்ப வராது. நான் ஒரு நூலகத்துக்கு உறுப்பினர் பட்டியல் செய்துகொடுத்தபோது இதே கூத்துதான். ஒரு பெண் உட்கார்ந்து மதியம் முழுக்கப் பெயர்களை அடித்தார், மாலையில் பட்டியல் காலி. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எண் மட்டும் 143-இலிருந்து தொடங்குவதைக் காட்டினார். இன்றைக்கும் கமிட் என்று எழுதும்போது அந்த 143 ஞாபகம் வரும்.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. மைசீக்வெல்லோடு வரும் வொர்க்பெஞ்ச் ஜன்னலில் ஒரு வரிசையைச் சேர்த்துக் கமிட்டும் ஆன பிறகு, ஏற்கெனவே திறந்தபடி இருக்கும் பைத்தானில் எத்தனை முறை செலக்ட் போட்டாலும் அது தெரியாது. மைசீக்வெல் ஒரு பரிவர்த்தனைக்குள், அதாவது ஒரு கமிட்டிலிருந்து அடுத்த கமிட் வரை, முதல்முறை பார்த்த காட்சியையே கடைசிவரை காட்டும். வெறும் படிப்புதானே என்று விடாமல், படித்து முடித்ததும் அங்கேயும் கமிட் போட்டால் அடுத்த செலக்ட் புதிதாகப் பார்க்கும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி: பங்கு மக்கள் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுகிறேன். ஆங்கிலத்தில் டி'குரூஸ், டி'சில்வா என்று வரும் பெயர்கள் எல்லாம் எரர். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

பெயரை, டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் கூட்டல் குறி போட்டு ஒட்டுகிறீர்கள். டி-க்குப் பிறகு வரும் ஒற்றைக் குறியைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொள்கிறது, மிச்சமுள்ள குரூஸை ஏதோ கட்டளை என்று படித்து முழிக்கிறது. இன்றைக்கு முழிப்பதோடு நிற்கிறது. வேண்டுமென்றே ஒருவர் அந்த இடத்தில் உண்மையான கட்டளையை எழுதினால் அதையும் செய்துவிடும், டேட்டாபேஸைக் கொள்ளையடிப்பவர்களின் பழைய வழி இதுதான்.

வாக்கியத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் மட்டும் போடுங்கள், சுற்றி மேற்கோள் வேண்டாம். பெயரை எக்ஸிக்யூட்டின் இரண்டாவது பகுதியாகத் தனியே கொடுங்கள். எஸ்க்யூலைட் (கடைசிக் கேள்வியில் வருகிறது) என்றால் அந்த இடத்தில் கேள்விக்குறி. ஒரே ஒரு மதிப்புதான் என்றால் அடைப்புக்குள் அதன் பின்னால் ஒரு கமா போட மறக்காதீர்கள். கமா இல்லாத அடைப்பு பைத்தானுக்கு வெறும் அடைப்பு.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்: தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படுகின்றன. அதில் இன்னொரு புதிர். சுப்பிரமணியன் என்று போட்டால் சரியாக 13 கேள்விக்குறி நிற்கிறது. எட்டு எழுத்துத்தானே?

எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கே ஒரு காபி வாங்கித் தரலாம். நமக்கு எட்டு. கணினிக்கு "சு" என்பது ஒரு எழுத்து அல்ல, ச ஒன்று, உகரக் குறி ஒன்று. "ப்" என்பது ப ஒன்று, புள்ளி ஒன்று. அப்படி எண்ணினால் சுப்பிரமணியன் 13 துண்டு. ஒவ்வொரு துண்டும், உலக எழுத்துகளை எல்லாம் பைட்டாக்கும் முறையான யூடிஎஃப் 8-இல் மூன்று பைட், ஆக மொத்தம் 39.

உங்கள் டேபிள் லத்தீன்1 என்ற எழுத்துத் தொகுதியில் இருக்கிறது. ஐரோப்பிய எழுத்துகளுக்கானது, தமிழ் அதில் கிடையாது, அதனால் தெரியாத ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்விக்குறி. மைசீக்வெல் 5.7 வரை யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் இதுதான் வழக்கம். அதன் வரிசைப்படுத்தும் முறைக்குப் பெயரே லத்தீன்1 ஸ்வீடிஷ், மைசீக்வெல் பிறந்தது ஸ்வீடனில் என்பதால். 8.0-இலிருந்துதான் தமிழும் அடங்கும் யூடிஎஃப்8எம்பி4 வழக்கமாயிற்று. ஷோ கிரியேட் டேபிள் என்று கேட்டுப் பாருங்கள், கடைசி வரியில் தெரிந்துவிடும். ஆல்டர் டேபிள், கன்வர்ட் டு என்று யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். கண்டிப்பு முறை இயங்கும் சர்வராக இருந்திருந்தால் சேமிக்கவே விடாமல் 1366 என்று சண்டை போட்டிருக்கும், உங்களுடையதில் அது அணைந்திருக்கிறது.

வருத்தமான செய்தி, ஏற்கெனவே கேள்விக்குறியானவை திரும்ப வராது. அங்கே இருப்பது தமிழின் கெட்டுப்போன வடிவம் அல்ல, உண்மையாகவே 13 கேள்விக்குறிகள். மறுபடி அடிக்கத்தான் வேண்டும். கேள்விக்குறி இல்லாமல், தலையில் கொம்பு முளைத்த விநோத ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் மட்டும் பெரும்பாலும் மீட்டுவிடலாம், பைட்டுகள் உள்ளே அப்படியே இருக்கும்.

மறுபடி அடிக்கும் முன் பெயர் நெடுவரிசையின் நீளத்தையும் பாருங்கள். வார்சார் 10 என்று வைத்திருந்தால், எண்ணுவது துண்டுகளை. கண்டிப்பு இல்லாத சர்வரில் சுப்பிரமணியன் உள்ளே போய் "சுப்பிரமணி" என்று வெளியே வருவார். பார்ப்பவருக்குச் செல்லப் பெயர் போலத்தான் தெரியும், ரேஷன் கார்டோடு ஒப்பிடும்போதுதான் வம்பு. 60 என்று வையுங்கள், இடம் ஒன்றும் வீணாகாது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்: மெடிக்கல் ஷாப். பில் புரோகிராமை இரவில் மூடாமலே போவோம். காலையில் முதல் பில் மட்டும் தவறாமல் எரர். மூடித் திறந்தால் நாள் முழுக்க ஓடும்.

எட்டு மணி நேரம் பேச்சுமூச்சு இல்லாத இணைப்பை மைசீக்வெல் தானே வெட்டிவிடும். வெயிட் டைம்அவுட் என்று ஒரு அமைப்பு, வழக்கமான அளவு 28800 விநாடி. நீங்கள் இரவு ஒன்பதரைக்குக் கதவடைத்து காலை ஒன்பதுக்குத் திறந்தால் பதினொன்றரை மணி நேரம். அந்தப் பக்கம் போனை வைத்தது தெரியாமல் உங்கள் பைத்தான் இன்னும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழைய பதிப்பில் 2006, "சர்வர் போய்விட்டது" என்று வரும். புதியவற்றில் 4031 என்று காரணத்தையே சொல்லிவிடும்.

28800-ஐ ஏற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு தீபாவளி விடுமுறை வந்தால் மறுபடி இதே கதை. பில் போடும்போது இணைப்பைத் திறங்கள், முடிந்ததும் மூடுங்கள். அதே மெஷினில் இருக்கும் டேட்டாபேஸைத் திறக்க ஆகும் நேரம் மாத்திரை அட்டையைக் கிழிக்கிற நேரம்கூட இல்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டால் விண்டோஸில் சிலருக்கு ஓரிரு விநாடி தயங்கும், ஐபிவி6 முகவரியை முதலில் முயன்று பார்ப்பதால். அப்படியிருந்தால் 127.0.0.1 என்று மாற்றுங்கள். திறப்பதை மட்டும் செய்து மூடுவதை மறந்தாலும் ஆபத்து: ஒரே நேரத்தில் 151 இணைப்புகள் வரைதான் வழக்கமான அனுமதி, அதைத் தாண்டினால் 1040.

சேலத்திலிருந்து: எஸ்க்யூஎல்ஆல்கெமியில் இணைப்பு முகவரியை ஒரே வரியாகக் கொடுக்கிறேன். பாஸ்வேர்ட் சரி, ஆனால் ஹோஸ்ட்டைக் காணோம் என்கிறது.

உங்கள் பாஸ்வேர்டில் @ இருக்கிறது. எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற பைத்தான் நூலகத்துக்கு, முகவரி வரியில் அந்தக் குறிக்குப் பின்னால் இருப்பது ஹோஸ்ட் என்பது வழக்கம், அதனால் பாஸ்வேர்டின் மிச்சத்தை ஹோஸ்ட் பெயரோடு குழப்பிக்கொள்கிறது. அந்த ஒரு எழுத்துக்குப் பதில் %40 என்று எழுதுங்கள். சேவை முடிந்தது.

கோவையிலிருந்து: மைசீக்வெல்லை டாக்கரில் வைத்தேன், வேலை செய்தது. பைத்தானையும் டாக்கரில் வைத்தேன், நின்றுவிட்டது.

டாக்கரில் ஒவ்வொரு புரோகிராமும் கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓடும். கன்டெய்னருக்குள் இருந்துகொண்டு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரே. அங்கே மைசீக்வெல் ஏது? கன்டெய்னர்களைப் பட்டியலிடும் காம்போஸ் ஃபைலில் டேட்டாபேஸுக்கு என்ன சர்வீஸ் பெயர் வைத்தீர்களோ அதையே ஹோஸ்ட்டாகக் கொடுங்கள். வெளியே 3307 என்று மாற்றி வைத்திருந்தாலும் கன்டெய்னர்களுக்குள் பேசும்போது 3306தான்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: பாத்திரக் கடை. ஒரு கணினி, ஒரு கல்லாப்பெட்டி. இவ்வளவையும் படித்தபிறகு கேட்கிறேன், எனக்கு மைசீக்வெல் தேவைதானா?

தேவை இல்லை. இதை முதல் கேள்வியாகவே போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எஸ்க்யூலைட் என்று ஒன்று இருக்கிறது, 2000-த்தில் வந்தது, 2006-இல் வெளியான பைத்தான் 2.5-இலிருந்து பைத்தானோடு கூடவே வருகிறது. பிப் வேண்டாம், சர்வர் வேண்டாம், போர்ட் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல், உங்கள் புரோகிராமே அதை நேராகத் திறந்து எழுதும். இந்தப் பக்கத்தில் இருக்கும் எரர் எண்களில் ஒன்றுகூட உங்களுக்கு வராது.

அதற்கென்று தனியாக ஒரு பொறி இருக்கிறது, அதில் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள். ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால், புரோகிராமை எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறீர்களோ அங்கே தேடும். இல்லையென்றால் இல்லை என்று சொல்லாது, சத்தமில்லாமல் அதே பெயரில் புதிதாக ஒரு காலி ஃபைலை உருவாக்கிவிட்டு, அப்புறம் "அப்படி ஒரு டேபிள் இல்லை" என்று கைவிரிக்கும். கணக்கெல்லாம் போச்சு என்று நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஒன்றும் போகவில்லை, பூஜ்ய பைட்டில் ஒரு போலி ஃபைல் பக்கத்து ஃபோல்டரில் கிடக்கும், தேடிப் பாருங்கள். முழுப் பாதையையும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

நாளைக்கு இரண்டாவது கல்லா போட்டு இரண்டு கணினியிலும் பில் போட வேண்டும் என்றால் அப்போது மைசீக்வெல்லுக்குப் போங்கள். எஸ்க்யூலைட் ஃபைலை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு பேரும் எழுதலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள், பூட்டுகள் ஒழுங்காக வேலை செய்யாது, ஃபைலே கெட்டுப்போகலாம். மைசீக்வெல்லில் இரண்டாவது கணினியிலிருந்து வரும்போது 1130 என்று வந்தால், உங்கள் பயனருக்கு லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து வர மட்டுமே அனுமதி இருக்கிறது என்று அர்த்தம். கடைக்குள் இருக்கும் முகவரிகளுக்கு, 192.168-இல் தொடங்குபவைதான் பெரும்பாலும், இன்னொரு பயனரை உருவாக்க வேண்டும். உபுண்டுவாக இருந்தால் பைண்ட் அட்ரஸ் என்ற வரியில் 127.0.0.1 என்று கட்டி வைத்திருப்பதையும் தளர்த்த வேண்டும், விண்டோஸாக இருந்தால் ஃபயர்வாலில் 3306-ஐத் திறக்க வேண்டும். ரவுட்டரில் மட்டும் அந்த வாசலை வெளி உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

அதுவரை ஒரு ஃபைல், ஒரு பென் டிரைவ். ஆனால் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போது ஃபைலை அப்படியே இழுத்துக் காப்பி எடுக்காதீர்கள், பாதி எழுதிய கணக்கு போய்ச் சேரும். பைத்தான் 3.7-இலிருந்து எஸ்க்யூலைட் இணைப்பிலேயே பேக்கப் என்று ஒரு அழைப்பு இருக்கிறது. கடை மூடும்போது அழுத்துகிற பட்டனில் அதை வைத்துவிடுங்கள்.